கர்த்தரை நம்பி நன்மை செய்: வன்னியில் வாழ்ந்து கற்றவை

வெளியூர்களிலிருந்து எங்கள் சபைக்கு வருகிறவர்கள், ஞாயிறு வழிபாடு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம். வட இலங்கையின் வன்னியில், யுத்தத்தில் இவ்வளவும் நடந்த பிறகும் கடவுளை எப்படி நம்புகிறீர்கள் என்பதே அது. அண்மைக் காலமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அவர்களுக்குத் தயக்கம் கிடையாது. யுத்தம் முடிந்தபோது தாயின் இடுப்பில் இருந்தவர்கள் இப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடுகிறார்கள். "நம்பி என்ன கண்டீங்கள், ரீச்சர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

37ஆம் சங்கீதத்தில் ஒரு வசனம் உண்டு: "கர்த்தரை நம்பி நன்மைசெய்; தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்." நம்புவதும் நன்மை செய்வதும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. நம்பிக்கை மனதில் ஊறி வந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அது வந்து சேர்ந்ததை நான் அதிகம் கண்டதில்லை. அன்றைய நாளில் கைக்கு எட்டிய ஒரு நன்மையை, இதைத்தான் ஆண்டவர் என்னிடம் இன்றைக்குக் கேட்கிறார் என்று எண்ணிச் செய்து முடித்தவர்களே, பல காலம் கழித்துத் திரும்பிப் பார்க்கையில், தாங்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தோம் என்பதைக் கண்டுகொண்டார்கள். என் தாயார் அப்படிப்பட்டவர்.

நாங்கள் வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்கிற குடும்பம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் படையினரிடம் வீழ்ந்தபோது நாங்கள் ஏற்கெனவே உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடத்திலும் எதையாவது விட்டுவிட்டு, கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலில் ஒரு தறப்பாளின் கீழ் வந்து சேர்ந்தோம். அந்த மாதங்களை முழுவதுமாக இங்கே விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மணலில் பதுங்குகுழி வெட்டினால் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்குவதற்கு மண்மூட்டைகள் வேண்டும். சாக்கு இல்லாதபடியால் பெண்கள் எல்லோரும் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தோம். என் கூறைச்சேலையும் அப்படித்தான் போயிற்று. ஒருநாள் பின்னேரம் அம்மா அரிசிப் பையைத் திறந்து, பால்ரின் சுண்டினால் ஒரு சுண்டு அள்ளி, விளிம்பில் விரலால் தட்டி மட்டம் பார்த்து, பக்கத்துத் தறப்பாளில் மூன்று பிள்ளைகளோடு இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். பையில் மிச்சம் இருந்தது மிகவும் கொஞ்சம். "அம்மா, நாளைக்கு?" என்று கேட்டேன். "நாளையப்பாட்டை நாளைக்குப் பாப்பம் பிள்ளை. இண்டைக்கு அதுகள் அழுகுதுகள்" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு, அந்த நேரத்தில் என்ன ஜெபம் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "எனக்கு அப்ப ஜெபமே வரேல்லை. அரிசி இருந்தது, குடுத்தன்" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை உருவத் தொடங்கினார்.

ஜெபம் வராத காலங்கள் விசுவாசியின் வாழ்வில் உண்டு என்பதை வேதாகமம் மறைக்கவில்லை. 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. எங்கள் ஆலயங்களில் அந்தச் சங்கீதத்தை வாசிக்கக் கேட்பது அரிது. துதிப்பாட்டுகளுக்கு நடுவில் அது பொருந்தாது என்று எண்ணுகிறார்கள் போலும். நான் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் அழுவார்கள். ஆனால் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் வருவார்கள். கடவுளிடம் முறையிடுவதும் அவரோடு பேசுவதுதான் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இருண்ட காலத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனையும் இதுவே: சொந்தச் சொற்கள் வராவிட்டால் சங்கீதக்காரனின் சொற்களை வாயால் வாசியுங்கள், மனம் ஒட்டாவிட்டாலும் வாசியுங்கள், வாசித்து முடிந்ததும் எழுந்து அன்றைய வேலையைச் செய்யுங்கள்.

அந்த நாட்களில் மக்களோடு கூடவே இருந்த குருமாரை எங்கள் தலைமுறை மறக்காது. கத்தோலிக்க குரு சரத்ஜீவன் அடிகளார் கடைசிவரை மக்களை விட்டுப் போகாமல் இருந்து, 2009 மே 18ஆம் திகதி, வெளியேறி வரும் வழியில் உடல் சோர்ந்து உயிர் விட்டார். அதே நாளில் வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர்களோடு சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது அவர்களின் பெயர்களைச் சொல்லாமல் என்னால் படிப்பிக்க முடியாது. மன்னார் மடுத் திருத்தலத்து மாதாவின் திருச்சொரூபமே 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது என்பதையும் சொல்வேன், ஏனென்றால் இடம்பெயர்வைத் தண்டனை என்று எண்ணுகிற ஒரு பழக்கம் எங்களிடம் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மீள்குடியேறிய தொடக்க வருடங்களில், சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்தவர்களில் பலர் ஒரே விதமாகச் சொன்னார்கள்: "ஷெல் பக்கத்தில விழுந்தது, நாங்கள் ஜெபிச்சம், கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்." அது நன்றியறிதலால் வந்த பேச்சு, அதில் பொய் இல்லை. ஆனால் அதே வாங்கில், அதே ஷெல்லில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் இருந்தார். அவரும் ஜெபித்தவர்தான். அந்தச் சாட்சியைக் கேட்டு அவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்? தன் ஜெபம் குறைவுபட்டது என்பதையா, தன் பிள்ளை கடவுளுக்கு வேண்டாதது என்பதையா?

விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று நாங்கள் சொல்லும் எபிரெயர் 11, இதற்கு நேர்மையான பதிலை வைத்திருக்கிறது. விசுவாசத்தினாலே சிலர் "பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்" என்று 34ஆம் வசனம் சொல்கிறது. வேறு சிலர் பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள் என்று 37ஆம் வசனம் சொல்கிறது. இரு சாராருக்கும் ஒரே நற்சாட்சிதான் கொடுக்கப்படுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், பேதுருவோ சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். யாக்கோபின் விசுவாசம் குறைந்தது என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இதை எங்கள் போதகரிடம் எடுத்துச் சொன்ன பிறகு, அவர் சாட்சி நேரத்துக்கு ஒரு சிறிய ஒழுங்கு வைத்தார்: தப்பியதற்கு நன்றி சொல்லுங்கள், தப்பியதற்குக் காரணம் சொல்லாதீர்கள். எல்லாச் சபைகளும் இந்த ஒழுங்கைப் பின்பற்றினால் நல்லது என்பது என் எண்ணம். காரணம் தெரியாமலேயே நம்புவதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர். காரணம் தெரிந்துவிட்டால் அது கணக்கு.

மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வெளியே விடாமல் வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். எங்கள் வீடுகளில் தொங்கும் கிறிஸ்தவ நாட்காட்டிகளில் எரேமியா 29:11 அடிக்கடி இடம்பெறும்; நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுப்பேன் என்கிற வாக்குத்தத்தம் அது. அதற்கு முந்திய வசனத்தில் எழுபது வருடம் என்று இருப்பதை எந்த நாட்காட்டியும் அச்சிடுவதில்லை. அந்தக் கடிதம் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதில் முதலில் வருவது வாக்குத்தத்தம் அல்ல, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்கிற கட்டளை. முகாமில் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கூடாரங்களுக்கு இடையிலிருந்த அடியளவு நிலத்தில் சிலர் பசளிக் கீரையும் மிளகாயும் நட்டார்கள். நான் என்னைப் போன்ற சில ஆசிரியர்களோடு சேர்ந்து, தண்ணீர் வரிசையில் குடம் வைத்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளை அந்த இடத்திலேயே உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வருடம் முகாமுக்குள்ளேயே பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். எப்போது விடுவார்கள் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பின்னத்தைச் சுருக்குவது எப்படி என்ற கேள்விக்கு இருந்தது.

2010இல் வட்டக்கச்சிக்குத் திரும்பினோம். வீட்டில் சுவர்கள் நின்றன. கூரைத் தகரமும் யன்னல் நிலைகளும் இல்லை. வளவு முழுவதும் ஆளுயரப் புல். அக்காலத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் நட்ட சிவப்புத் தடிகளுக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிவைத்திருந்தோம். அந்த வருடங்களில்தான் கீழ்ப்படிதல் எவ்வளவு சில்லறையான விடயங்களில் சோதிக்கப்படும் என்பதை விளங்கிக்கொண்டேன். உயிர்ப் பயம் உள்ள இடத்தில் மனிதர் கடவுளைத் தேடுவது இயல்பு. படிவம் நிரப்புகிற இடத்தில் தேடுவதுதான் கடினம்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா மானியம் கொடுத்தார்கள். வீடு எழும்ப எழும்பக் கட்டம் கட்டமாகப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்கும் முன்னுரிமை இருந்தது. ஊரில் படிவம் நிரப்பிக் கொடுத்துவந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவைத் தனிக் குடும்ப அட்டையில் காட்டினால் ஒரே வளவில் இரண்டு வீடு எடுக்கலாம் என்று என் கணவருக்கு விளங்கப்படுத்தினார். செலவு ஒன்றுமில்லை, ஒரு கையெழுத்து மட்டும் போதும். எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அது பெரிய களவாகவும் தெரியாது; இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்றுதான் தெரியும். என் கணவர் அதிகம் பேசாதவர். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா எங்களோடதானே சாப்பிடுறா அண்ணை. பிறகு எப்பிடித் தனிக் குடும்பம்?" என்றார். வந்தவர் சிரித்துவிட்டுப் போனார்.

இதற்குப் பலனாகக் கடவுள் எங்களுக்கு உடனே வீடு கொடுத்தார் என்று எழுத முடிந்தால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எங்கள் பெயர் அந்தப் பட்டியலில் பிந்தித்தான் வந்தது; இரண்டு மழைக்காலம் தறப்பாளும் கிடுகும் சேர்ந்த கொட்டிலில் கழிந்தது. இரண்டாவது மழையில் என் மகனுக்குச் சளிக்காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் வைத்திருந்தபோது, நாங்கள் செய்தது சரிதானா என்று நான் கணவரோடு சண்டை பிடித்தேன். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்குப் பூரண சமாதானம் தரவில்லை; ஆனாலும் எழுதுகிறேன்: "அந்த ரெண்டாவது வீடு ஆருக்கோ போயிருக்கும் தானே." 15ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனைப் பற்றிச் சொல்லும்போது, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்கிறது. நஷ்டம் வராது என்று அது சொல்லவில்லை. கீழ்ப்படிதலுக்குக் கூலி இம்மையில் கட்டாயம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தால், கூலி வராத அன்றைக்கே பிள்ளைகள் கீழ்ப்படிதலையும் விட்டுவிடுவார்கள்.

கடனைப் பற்றி இதைவிட நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் யுத்தத்துக்குப் பிந்திய வன்னியில் விசுவாசத்தை அதிகம் அரித்தது அதுதான் என்று நினைக்கிறேன். மானியப் பணம் வீட்டை முடிக்கப் போதாமல் போனபோதும், பயிர் அழிந்தபோதும், பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நுண்கடன் எடுத்தார்கள். கிழமைக்கு ஒருநாள் வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வருவார். குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதுவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன், அதை அடைக்க நகை அடகு. வசூல் நாளில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பின் வளவால் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தினார்கள். குழுவில் இருந்த மற்றப் பெண்களும் அதே ஆலயத்தில் இருந்ததே காரணம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் பிரச்சினை முற்றியிருந்தது.

இந்த விடயத்தில் எங்கள் பெண்கள் ஐக்கியம் செய்த வேலையை, வேறு சபைகளுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொருவரும் தான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, தனக்கு நம்பிக்கையான ஒருத்தியிடம் மட்டும் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தோம். எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. பலருக்குத் தங்கள் மொத்தக் கடன் எவ்வளவு என்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தது. பிறகு, கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனைக் கணவருக்குச் சொல்ல வைத்தோம். தனியே சொல்லப் பயந்தவர்களோடு மூத்த பெண் ஒருவர் கூடப் போனார். புதிய கடனால் பழைய கடனை அடைப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தோம். கடைசியாக, வட்டியில்லாத ஒரு சிறிய கைமாற்று நிதியைத் தொடங்கினோம். ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22இல் எழுதியிருப்பதை எங்களில் யாரும் அதற்கு முன் ஒரு நடைமுறைச் சட்டமாக எண்ணிப் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்தாள். மாத முடிவில் அதை விற்று வந்த பணமே முதல். மருந்துச் செலவுக்கும் பாடசாலைச் செலவுக்கும் மட்டும் அதிலிருந்து கொடுத்தோம். சிறிய தொகைதான். ஆனால் ஒளிந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆலயத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

இதற்கு நடுவில் செழிப்பு உபதேசம் செய்கிற சிலர் எங்கள் பக்கம் வந்தார்கள். காணிக்கையை விதை என்று சொல்லி, கடன்காரப் பெண்களிடமே வாங்கினார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று நீரிழிவு நோயாளிகளிடம் சொன்னார்கள். கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்பது மேடையில் நிற்கிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு எளிய சோதனையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: உன்னிடம் கீழ்ப்படிதலைக் கேட்கிறவருக்கு, நீ கீழ்ப்படிவதால் இலாபம் வருகிறதா என்று பார். வந்தால் வீட்டுக்குப் போய் வேதாகமத்தை நீயே வாசித்துவிட்டு முடிவெடு.

வயலும் எங்களுக்கு ஒரு பாடசாலைதான். 2018 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களே இருந்தபோது, ஓரிரவு மழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட, குளத்தின் கீழிருந்த கிராமங்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. அந்த நத்தார் ஆராதனையை எங்கள் உறவினர் பலர் பாடசாலைக் கட்டடங்களில் தங்கியிருந்தபடி கொண்டாடினார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் மாரிகாலப் பருவமான காலபோகத்தின் விதைப்பு முடிந்து, பயிர் பசளையில்லாமல் மஞ்சளடித்து நின்றது. அறுவடை வழக்கமாக வருவதில் பாதிக்கும் கீழே போயிற்று. கதிரைக் கையில் எடுத்தால் பாரம் தெரியவில்லை. நசுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் சப்பட்டை.

2022இல் அறுவடை நன்றி வழிபாடு வைப்பதா விடுவதா என்று சபைக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரு விவசாயி கேட்டார். அது நியாயமான கேள்வி. வைத்தோம். முன்னைய வருடங்களில் நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன் அடுக்குவார்கள். அவ்வருடம் பெரும்பாலானவர்கள் ஒரு சுளகில் கொஞ்ச நெல்லும் ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தார்கள். போதகர் ஆபகூக் 3ஆம் அதிகாரத்தை வாசித்தார்: "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." வழக்கமாக ஏலம் போட்டு ஆலய நிதிக்குச் சேர்க்கும் பொருட்களை அம்முறை ஏலம் போடாமல், அரிசி வாங்க வழியில்லாத வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கேள்வி கேட்ட அதே விவசாயிதான் தன் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிய டீசல் அது. அவர் மனதில் அன்றைக்கு நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இனி என் தம்பியைப் பற்றி. அவனை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 மே மாதத்தில். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணாமற்போனவர்களின் குடும்பங்கள் இறப்புச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம். காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும் என்று பலர் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர் இரண்டையும் எடுக்கவில்லை. கடவுளுடைய சித்தத்துக்குக் கீழ்ப்படிந்து அவனை விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று சபை மனிதர்களே அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு வரும். தெரியாததை எப்படி விட்டுக்கொடுப்பது? எங்கள் ஜெபக் குழுவின் கொப்பியில் நோயாளிகள், துக்கத்தில் இருப்போர், தூரத்தில் இருப்போர் என்று தலைப்புகள் உண்டு. தம்பியின் பெயரைத் தூரத்தில் இருப்போர் பட்டியலில் எழுதச் சொன்னார் அம்மா. கொப்பி முடிந்து புதுக்கொப்பி தொடங்கும்போதெல்லாம், கத்தாரிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளின் பெயர்களோடு அவன் பெயரையும் பிரதி பண்ணுகிறோம்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவும் போய் இருந்தார். கோவில் வாசலில் ஒரு கிறிஸ்தவத் தாய் போய் இருக்கலாமா என்று எங்கள் சபையில் ஒருவர் கேட்டார். "அங்க இருக்கிறது என்னைப் போல தாய்மார் தம்பி. நான் வேற எங்க போய் இருக்க?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய், எனக்கு நியாயஞ்செய்யும் என்று அலுக்காமல் கேட்ட விதவையின் கதையை இயேசு சொல்லியிருக்கிறார். சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் முழங்காலில் நின்ற பெண் அல்ல, வாசலில் போய் நின்ற பெண். தேடுவதும் கேட்பதும் நம்பிக்கைக்கு விரோதம் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கதையை மறுபடியும் வாசிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தாய்மார் உங்கள் சபையிலும் இருந்தால், அவர்களுக்கு வசனம் சொல்லும் முன் அவர்களோடு பேருந்தில் ஏறுங்கள். விசாரணைக்கோ அலுவலகத்துக்கோ கூப்பிட்டால் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள். பழைய முறைப்பாட்டுத் துண்டுகள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, தெளிவான ஒரு புகைப்படம், எல்லாவற்றையும் இரண்டு தொகுதியாகப் போட்டோப் பிரதி எடுத்து, மழை படாத உறையில் வைத்துக் கொடுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க விடாதீர்கள். முறைப்பாடு கொடுத்த திகதியையும் இலக்கத்தையும் அவர்களுடைய கொப்பியில் நீங்களே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் அடுத்த முறை முதலில் கேட்பது அதைத்தான். மதியச் சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். வரிசை நீளமாக இருக்கும்.